இரண்டு பரிசோதனை நிலையம், மூன்று எண்ணிக்கை: எதை நம்புவது?

கடலூரிலிருந்து எழுதியிருக்கும் வாசகி, ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினி வேலைகளைத் தனியாளாகக் கவனித்து வருகிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அவருடைய நீண்ட கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய நிர்வாகம் அண்மையில் புதுச்சேரியில் உள்ள மற்றொரு பரிசோதனை நிலையத்தை வாங்கியிருக்கிறது. கடலூர்ப் பதிவுகள் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்திலும் புதுச்சேரிப் பதிவுகள் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்திலும் உள்ளன. இரண்டு இடங்களிலும் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பலர் இருப்பதால், ஒருவருக்கு ஒரே எண் என்ற வகையில் இரண்டையும் இணைக்கும் பொறுப்பு இவரிடம் வந்திருக்கிறது. பெயரையும் தொலைபேசி எண்ணையும் சாவியாகக் கொண்டு, தரவை இடம் மாற்றும் எஸ்எஸ்ஐஎஸ் என்ற கருவியில் லுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடிப் பொருத்தும் வசதி) ஓட்டியபோது பொருந்தியவர்களின் எண்ணிக்கை ஒரு விதமாக வந்தது. நினைவகம் போதவில்லை என்று, பட்டியல் முழுவதையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும் முழு கேச் அமைப்பை மாற்றி, கேச் இல்லாத முறையில் அதே தரவை ஓட்டியபோது பல நூறு பேர் கூடுதலாகப் பொருந்தியிருக்கிறார்கள். சந்தேகப்பட்டு, கடலூர்ப் பட்டியலை எக்செல் வழியாக போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கொண்டுபோய் ஜாயின் செய்தால் முந்தைய இரண்டையும்விடக் குறைவாக மூன்றாவதாக ஓர் எண்ணிக்கை வருகிறது. போதாக்குறைக்கு, புதுச்சேரி நோயாளி எண்களைப் புதிய அட்டவணையில் ஏற்றும்போது சில இடங்களில் ‘டூப்ளிகேட் கீ’ (ஒரே எண் இரண்டு முறை) என்று பிழை வந்து ஏற்றம் நின்றுவிடுகிறது. “எல்லாவற்றையும் அப்பர் போட்டுப் பெரிய எழுத்தாக்குங்கள், இரண்டாவதாக வருவதை டெலீட் செய்யுங்கள், மாத இறுதிக்குள் முடியுங்கள்” என்கிறார் மேலாளர். மூன்றில் எந்த எண்ணிக்கை சரி, மேலாளர் சொன்னபடி செய்யலாமா, நாளை ஒருவருடைய அறிக்கை இன்னொருவருக்குப் போனால் பழி தன்மேல் விழுமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை எந்தப் பதிவையும் டெலீட் செய்யாதீர்கள். ‘டூப்ளிகேட் கீ’ என்று வந்தவற்றைக் கட்டாயம் தொடாதீர்கள்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய மாதிரிப் பட்டியலில் ஓர் இடம் என் கண்ணில் பட்டது. புதுச்சேரி நிலையத்தில் குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்து, அதன் பின்னால் ஆங்கில எழுத்து ஒன்றைச் சேர்த்து ஆளைக் குறித்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பெரிய எழுத்து, பிள்ளைகளுக்குச் சிறிய எழுத்து. 2216 என்ற எண்ணோடு பெரிய ‘ஏ’ வந்தால் தாய், அதே எண்ணோடு சிறிய ‘ஏ’ வந்தால் மகள். போஸ்ட்கிரெஸ் இயல்பாகவே பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகப் பார்ப்பதால், இத்தனை ஆண்டுகளாக அங்கே ஒரு சிக்கலும் வரவில்லை. உங்கள் எஸ்க்யூஎல் சர்வரோ, நிறுவும்போது யாரும் மாற்றாமல் விட்டால் வழக்கமாக அமைவதுபோல, எழுத்தின் பெரிது சிறிதைப் பொருட்படுத்தாத கொலேஷனில், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதித்தொகுப்பில், இருக்கிறது. ஆகவே தாயின் எண்ணும் மகளின் எண்ணும் அதற்கு ஒன்றுதான். இரண்டாவது எண்ணை ஏற்றும்போது அது மறுக்கிறது. மேலாளர் சொன்னபடி இரண்டாவதை நீக்கியிருந்தால் அந்தச் சிறுமியின் பதிவு போயிருக்கும், அல்லது அவளுடைய ஹீமோகுளோபின் அளவு தாயின் அறிக்கைத் தொடரில் போய்ச் சேர்ந்திருக்கும். பழைய நோயாளி எண்ணை வைத்திருக்கும் புலத்துக்கு (அட்டவணையின் அந்த நெடுவரிசைக்கு) மட்டும், எழுத்தின் பெரிது சிறிதைப் பிரித்தறியும் கொலேஷனைக் கொடுத்தால் இந்தப் பிழைகள் நின்றுவிடும். அதன் பிறகும் ஏதேனும் மோதினால் அதைத் தனியே விசாரியுங்கள்.

மூன்று எண்ணிக்கைகள் எப்படி வந்தன

மூன்றில் எது சரி என்று கேட்கிறீர்கள். மூன்றுமே அந்தந்த இடத்தின் விதிப்படி சரியானவை. உங்கள் தேவைக்கு மூன்றுமே பயன்படாதவை. இரண்டு சொற்களுக்கு நடுவே சமக்குறி போட்டால் விடை எங்கும் ஒன்றாகவே வரும் என்று நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதால் அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. எண்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். எழுத்துத் தொடர்களுக்குச் சமம் எது என்பதை ஒவ்வொரு தரவுத்தளமும், ஒவ்வொரு புலத்தின் கொலேஷனும், சில வேளைகளில் இடையில் இருக்கும் கருவியும் தத்தம் விதிப்படி தீர்மானிக்கின்றன.

முழு கேச் அமைப்பில் லுக்அப், கடலூர் அட்டவணை முழுவதையும் தன் நினைவகத்துக்கு இழுத்துக்கொண்டு, ஒப்பிடும் வேலையைத் தானே செய்கிறது. அது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும். பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தாலும் பொருந்தவில்லை என்றே சொல்லும். கேச் இல்லாத முறையில் ஒவ்வொரு வரிசைக்கும் கேள்வி எஸ்க்யூஎல் சர்வருக்கே போகிறது. சர்வர் தன் கொலேஷனின்படி எழுத்தின் பெரிது சிறிதைக் கண்டுகொள்ளாது, கடைசி இடைவெளியையும் கண்டுகொள்ளாது. உங்கள் நிரலில் ஓர் எழுத்தும் மாறாமல், வேகத்துக்காக மாற்றிய ஓர் அமைப்பு எந்த இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவை என்ற தீர்ப்பையே மாற்றியிருக்கிறது. மூன்றாவது எண்ணிக்கை குறைந்ததற்கு, போஸ்ட்கிரெஸ்ஸின் கண்டிப்போடு எக்செல்லுக்கும் பங்கு இருக்கிறது. எக்செல் 04142 என்ற கடலூர்த் தொலைபேசிக் குறியீட்டை எண்ணாக நினைத்து 4142 ஆக்கிவிடும். 0413 என்ற புதுச்சேரிக் குறியீட்டுக்கும் அதே கதிதான். சுழியம் போட்டுத் தொடங்கிய கைப்பேசி எண்களும் அப்படியே சுழியத்தை இழந்திருக்கும். எக்செல்லை இந்த வேலையின் நடுவில் கொண்டுவராதீர்கள். கட்டாயம் வேண்டுமென்றால் அந்தப் புலங்களை உரை வகை என்று குறித்த பிறகே இறக்குமதி செய்யுங்கள்.

கடைசி இடைவெளியைத் தேடும்போது ஒரு குழியில் பலரும் விழுகிறார்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ‘லென்’ என்ற செயல்கூறு வால் இடைவெளிகளை எண்ணாது, ‘டேட்டாலெங்த்’ எண்ணும். இரண்டு பெயர்களும் சமம் என்று சர்வர் சொல்லி, லென்னும் ஒரே அளவைக் காட்டினால் இடைவெளி இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடும் பைனரி கொலேஷனுக்கு மாறினாலும் சமக்குறி வால் இடைவெளியைப் புறக்கணிப்பதில் மாற்றமில்லை. இன்னொன்று, ‘ட்ரிம்’ சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயர்களில் வரும் முறியா இடைவெளியையும், கண்ணுக்கே தெரியாத பூஜ்ஜிய அகலக் குறிகளையும் அது தொடாது.

‘கொலேஷன் மோதல்’ என்று வந்த பிழையை, சர்வருக்கு அனுப்பும் கேள்வியில் ‘கொலேட்’ என்று கொலேஷனைக் குறிப்பிடும் சொல்லைச் சேர்த்துத் தீர்த்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிழை உண்மையில் உங்களுக்கு உதவிக்குத்தான் வந்தது. இரண்டு புலங்களும் வெவ்வேறு விதியில் இருக்கின்றன, எந்த விதியில் ஒப்பிட வேண்டும் என்று சர்வர் கேட்டது. கைக்குக் கிடைத்த ஒரு கொலேஷனை எழுதியதும் கேட்பதை நிறுத்திக்கொண்டது. தற்காலிக அட்டவணைகளைப் பயன்படுத்தியிருந்தால் அவற்றையும் பாருங்கள். அவை வழக்கமாக உங்கள் தரவுத்தளத்தின் கொலேஷனை எடுத்துக்கொள்வதில்லை, சர்வரின் தற்காலிக வேலைகளுக்கான டெம்ப்டிபி என்ற தரவுத்தளத்தின் கொலேஷனையே எடுத்துக்கொள்ளும்.

அடுத்ததாக எஸ்எஸ்ஐஎஸ்ஸின் மெர்ஜ் ஜாயினுக்கு, அதாவது வரிசைப்படுத்திய இரண்டு பட்டியல்களை இணைக்கும் கருவிக்கு, போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வரிசைப்படுத்தும் வேலையை இரண்டு தரவுத்தளங்களிடமும் தனித்தனியே விட்டுவிட்டு அந்தக் கருவியைப் பயன்படுத்துவதானால் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் வருகின்றன என்று நம்பித்தான் அது வேலை செய்கிறது. போஸ்ட்கிரெஸ் ‘சி’ கொலேஷனில் இருந்தால் பெரிய எழுத்துகள் எல்லாம் முன்னே வந்த பிறகுதான் சிறிய எழுத்துகள் வரும். எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டும் கலந்து வரும். சிறு கோட்டுக்கும் மேற்கோள் குறிக்கும் இடம் எது என்பதிலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. வரிசை பிசகிய இடத்தில் அந்தக் கருவி பிழை எதுவும் காட்டாமல் பொருந்த வேண்டிய பதிவுகளைத் தாண்டிப் போய்விடும். நின்றுபோகும் ஏற்றத்தைவிட, வெற்றி என்று பச்சை நிறம் காட்டிவிட்டுப் பாதியை விழுங்கும் ஏற்றம் ஆபத்தானது. ஒரே தரவுத்தளத்துக்குள்கூட இது நடக்கும். 2018-இல் வெளியான, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28 மொழிசார் வரிசை விதிகளை மாற்றியபோது, இயங்குதளத்தைப் புதுப்பித்த போஸ்ட்கிரெஸ் சர்வர்களில் பழைய வரிசைப்படி கட்டிய இண்டெக்ஸ்கள் (தேடலுக்கான அட்டவணைகள்) குழம்பி, இருக்கும் பதிவையே இல்லை என்றன. புதுச்சேரி சர்வர் அந்தக் காலத்தையது என்கிறீர்கள். நகலெடுப்பதற்கு முன் ஒருமுறை ரீஇண்டெக்ஸ் செய்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களும் பிரெஞ்சுப் பெயர்களும்

எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கச் சொன்ன மேலாளரின் யோசனை ஆங்கிலத்தில் உள்ள பெயர்களுக்கு ஓரளவு உதவும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்பதே இல்லாததால், புதுச்சேரிப் பட்டியலின் தமிழ்ப் பெயர்களில் அது எதையும் மாற்றாது. அங்கே சிக்கல்கள் வேறு.

கோமதி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்தில் உள்ள ‘ோ’ என்ற குறியை யூனிக்கோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ‘ே’ என்ற இரட்டைக்கொம்பையும் ‘ா’ என்ற காலையும் அடுத்தடுத்து வைத்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையிலும் அச்சிலும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். போஸ்ட்கிரெஸ் வழக்கமான கொலேஷனில் இரண்டையும் வேறு வேறு பெயர் என்றே சொல்லும். கணினியில் ஒருமுறையும், பழைய விசைப்பலகைச் செயலியில் இன்னொருமுறையும் பதிவான ஒரே கோமதி இரண்டு பேராகிவிடுவார். இந்த இரு வடிவங்களையும் யூனிக்கோடு சமமானவை என்றே வரையறுத்திருப்பதால், என்எஃப்சி என்னும் நெறிப்படுத்தலைச் செய்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து அதற்கென ‘நார்மலைஸ்’ என்ற செயல்கூறே உள்ளது.

என்எஃப்சியோடு எல்லாம் தீர்ந்துவிடாது. ‘ௌ’ குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’ என்ற எழுத்தும் சேர்த்து அடித்த கௌரிகள் எந்தப் பட்டியலிலும் இருப்பார்கள். அவற்றை யூனிக்கோடு சமமாகக் கருதாது. ‘ஸ்ரீ’ என்பதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. இவற்றுக்கு நீங்களே விதி எழுத வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கும் ஒன்றுதான் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நேர்மாறான ஆபத்தும் உண்டு. புதிய அட்டவணையில் பெயர்ப் புலத்தை ‘வார்சார்’ என்ற உரை வகையில் அமைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கொலேஷனில் அந்தப் புலத்துக்குள் போகும் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். கவிதா என்ற பெயரில் யூனிக்கோடு குறியீடுகள் ஐந்து. ரமேஷ் என்பதிலும் ஐந்து. இரண்டும் ஐந்து கேள்விக்குறிகளாகி மிகச் சரியாகப் பொருந்திவிடும். யூனிக்கோடை ஏற்கும் ‘என்வார்சார்’ வகை ஆக்குங்கள், கேள்வியில் நேரடியாக எழுதும் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் ஆங்கில ‘என்’ எழுத்தையும் மறக்காமல் போடுங்கள்.

புதுச்சேரிக்கே உரிய இன்னொன்று, பிரெஞ்சு முறையில் எழுதிய பெயர்கள். ஆந்த்ரே என்ற பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் சாய்கோடு இருக்கும். கடலூரில் பதிவு செய்தவர் சாய்கோடு இல்லாமல் அடித்திருப்பார். உங்கள் எஸ்க்யூஎல் சர்வர் கொலேஷன் இந்தக் குறியைப் பிரித்துப் பார்க்கும். மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற இன்னொரு தரவுத்தளத்தின் இயல்பான கொலேஷன் பிரித்துப் பார்க்காது. பொருத்தும்போது சாய்கோட்டை நீக்கிவிட்டு ஒப்பிடலாம், ஆனால் மூலப் பெயரில் அதை அழிக்காதீர்கள். 1962-இல் குடியுரிமை தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வழிவந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அறிக்கையில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். சாய்கோடுகளை நீக்க இணையத்தில் கிடைக்கும் பைத்தான் நிரல் துண்டை அப்படியே தமிழ்ப் பெயர்கள்மேல் ஓட்டிவிடவும் வேண்டாம். அது ‘இடம் பிடிக்காத குறி’ என்று யூனிக்கோடு வகைப்படுத்தியவற்றையெல்லாம் நீக்கும். தமிழின் புள்ளியும் ‘ீ’ குறியும் அந்த வகையில் வருகின்றன. சீதா சதாவாகிவிடுவார், மீரா மராவாகிவிடுவார், கண்ணன் என்ன ஆவார் என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள்.

இனி என்ன செய்யலாம்

தரவுத்தளம் முழுவதன் கொலேஷனையும் மாற்றிவிடும் யோசனை உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. தரவுத்தளத்தின் கொலேஷனை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ள புலங்கள் பழைய கொலேஷனிலேயே நிற்கும். பில்லிங் மென்பொருள் வேறு அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தொடாமல், சமம் என்பதை நீங்களே ஓரிடத்தில் எழுதிவைத்து, இரண்டு பட்டியலையும் அதன் வழியாகவே செலுத்துங்கள். பைத்தானிலோ சி ஷார்ப்பிலோ ஒரே ஒரு செயல்கூறு போதும். என்எஃப்சி, மறைகுறிகளை நீக்குதல், எல்லா வகை இடைவெளியையும் சாதாரண இடைவெளியாக்கி ஒன்றாகச் சுருக்குதல், முன்னும் பின்னும் வெட்டுதல், ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் சிறிய எழுத்தாக்கலும் சாய்கோடு நீக்கலும், கடைசியாக ஸ்ரீ, கௌ போன்ற உங்கள் சொந்த விதிகள். கிடைக்கும் சாவியைத் தனிப் புலத்தில் சேமித்து, ஒப்பீட்டைப் பைனரி முறையில் செய்யுங்கள். அதன் பிறகு கேச் அமைப்பு எதுவானாலும், எந்தத் தரவுத்தளத்தில் ஓட்டினாலும் எண்ணிக்கை ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் எந்த வரிசைகள் ஒரு பக்கத்தில் மட்டும் வருகின்றன என்று பட்டியல் எடுங்கள். காரணம் அங்கேயே தெரியும்.

மூலப் பதிவுகளை மாற்றாமல், நடுவில் ஓர் இணைப்பு அட்டவணை வையுங்கள். பழைய ஊர், பழைய எண், புதிய எண், எந்த விதியில் பொருந்தியது, யார் உறுதி செய்தார், எந்த நாளில் என்ற ஆறு புலங்கள் அதில் இருந்தால், தவறான இணைப்பை நாளை ஒரு வரியில் பிரித்துவிடலாம். இணைக்காமல் விட்ட இரண்டு பதிவுகளால் வரும் நட்டம், மருத்துவர் பழைய அறிக்கையைப் பார்க்க முடியாமல் போவது. நோயாளி சொன்னதும் சேர்த்துவிடலாம். தவறாக இணைத்த இரண்டு மனிதர்களை யாரும் வந்து முறையிடும்வரை கண்டுபிடிக்கவே முடியாது. ஐயம் வரும் இடத்திலெல்லாம் இணைக்காமல் விடுவதே உங்களுடைய இயல்பான முடிவாக இருக்கட்டும்.

பெயரும் தொலைபேசியும் மட்டும் போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். நம் ஊரில் போதாது. ஒரு வீட்டுக்கே ஒரு கைப்பேசி எண் இருக்கும். இனிஷியல் ஒரு பட்டியலில் பெயருக்கு முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும், புள்ளியோடும் புள்ளியில்லாமலும் வரும். திருமணத்துக்குப் பின் அதுவே மாறியும் இருக்கும். ஆகவே இனிஷியலைப் பிரித்துத் தனிப் புலமாக்கி, பிறந்த தேதியையும் பாலினத்தையும் சேர்த்துப் பாருங்கள். இனிஷியல் ஒரு பக்கம் ‘நல்’ (மதிப்பே இல்லை) ஆகவும் மறுபக்கம் வெற்றுத் தொடராகவும் இருந்தால் அவை சமக்குறியில் பொருந்தா என்பதையும் கவனியுங்கள். முகவரியை ஆதாரமாக எடுக்காதீர்கள். திருப்பாதிரிப்புலியூர் ஒருவருக்குத் திருப்பாப்புலியூர், இன்னொருவருக்குக் கடலூர் என்.டி. (நியூ டவுன்); 2006-க்கு முந்தைய பதிவுகளில் பாண்டிச்சேரி, பிந்தையவற்றில் புதுச்சேரி. உச்சரிப்பு ஒற்றுமை பார்க்கும் கருவிகளை, மனிதர் பார்க்க வேண்டிய பட்டியலைத் தயாரிக்க மட்டும் பயன்படுத்துங்கள். அவை ஆங்கில உச்சரிப்புக்காக எழுதியவை.

பொறுப்பு யாருடையது

நான் வழக்கறிஞர் அல்ல. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படக்கூடிய தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் முரணின்றியும் இருப்பதை உறுதி செய்யும் கடமையைத் தரவைக் கையாளும் நிறுவனத்தின்மேல் வைக்கிறது. தன் தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையையும் அது ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது. அந்தக் கடமை நிர்வாகத்துடையது, விசைப்பலகையில் அமர்ந்திருப்பவருடையது அல்ல. ஆனாலும் அலுவலக விசாரணை என்று வந்தால் டெலீட் அழுத்தியவர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். எனவே வாய்மொழி உத்தரவில் எதையும் நீக்காதீர்கள். 2216 தாய், மகள் உதாரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, எந்த விதியில் பொருத்தப் போகிறீர்கள், எதை மனிதர் பார்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதோடு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். அந்த ஓர் உதாரணத்தைப் பார்த்த எந்த நிர்வாகமும் மாத இறுதியைச் சற்றுத் தள்ளிவைக்கும் என்றே நினைக்கிறேன். மறுத்தால், உறுதியாகப் பொருந்தியவர்களை மட்டும் மாத இறுதிக்குள் இணைத்துக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை இரண்டு எண்ணோடு அப்படியே ஓடவிடலாம். பரிசோதனை நிலையம் அதனால் நின்றுவிடாது.

ஐயத்துக்குரிய பட்டியலை நீங்கள் ஒருவரே உட்கார்ந்து பார்க்க வேண்டாம். இரண்டு ஊரிலும் வரவேற்பு மேசையில் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு அந்தப் பெயர்களில் பாதிப் பேரை முகம் தெரியும். கடலூருக்கு ஒருவர், புதுச்சேரிக்கு ஒருவர் என்று கேட்டு வாங்குங்கள். இருவரும் ஒப்புக்கொண்ட பெயர்களை மட்டும் இணைப்பு அட்டவணையில் ஏற்றுங்கள்.